பழைய ஸ்டேசனும் மழைத்தண்ணீரும்

கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1910இல் முடிந்த கோலாலம்பூர் ரயில் நிலையத்தின் குவிமாடங்களை மலேசியாவின் ரப்பர் தோட்டப் பட்டணங்களில் தேடினால் கிடைக்காது. ரப்பர் தாள் கட்டுகளை ஏற்றுவதற்காக எழுந்த இந்தச் சின்ன ஸ்டேசன்களில் ஒற்றை மாடி, அகன்ற தாழ்வாரம், சாய்பலகைச் சன்னல், பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கு, அவ்வளவுதான். ஆனால் கட்டியவர்களுக்கு மழையைத் தெரியும். பழுதுபார்ப்பு வேலையில் முதலில் கேட்க வேண்டியது, தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பதுதான். பெயிண்ட் வாளியைத் திறப்பதெல்லாம் பிறகு.

கூரையில் ஏறுமுன் ரயிலுக்கு மின்சாரம் தரும் மேல்கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி, உத்தரவை எழுத்தில் வாங்க வேண்டும். அது 25,000 வோல்ட். ஓட்டின் நடுவில் மிதித்தால் உடையும். கைமரம் ஓடும் வரிசை பார்த்துக் கால் வைக்க வேண்டும். சில ஸ்டேசன்களில் பிளாட்பாரத்து இரும்புத் தூண் உள்ளே பொள்ளலாக இருக்கும், பீலித் தண்ணீர், அதாவது கூரை விளிம்பு வடிகாலின் தண்ணீர், அதற்குள்ளேதான் இறங்கும். மேலே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடியில் உடனே வராவிட்டால் இலை அடைத்திருக்கிறது, தூணின் அடிப்பாகம் உள்ளிருந்து துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தாழ்வார விளிம்பில் தொங்கும் கூர்முனைப் பலகைகளை வெறும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். மரத்தின் நார் செங்குத்தாக ஓடுவதால் மழைநீர் முனைக்கு வழிந்து சொட்டிவிடும், பின்னால் இருக்கும் கட்டைக்குப் போகாது. அதே வடிவத்தைப் பிளைவுட்டில் வெட்டி மாட்டினால் முனைதோறும் தண்ணீர் உறிஞ்சி ஏடு ஏடாகப் பிரியும். மலிவு என்று செய்வது இரட்டைச் செலவு. செங்கால் என்ற உறுதியான மலேசிய மரத்தின் பலகை கிடைத்தால் நல்லது. எந்த மரமானாலும் வெட்டிய முனைக்குத்தான் முதல் பூச்சு.

சுவர்தான் பெரிய தலைவலி. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலேறும். சில பருவங்களில் உப்புப் பூத்து, பூச்சு செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். ஈரக் கறைக்கு மேலும் ஒரு முழம் வரை சிமெண்டை உரித்து, செங்கல்லை உலரவிட வேண்டும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவிய மணல். ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. ஒரு வாரமாவது நனைத்த கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு வெயில் படாமல் காக்க வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்புதான். மேலே எமல்ஷன் வேண்டாம், பால்போலக் கரைத்த சுண்ணாம்பு நாலைந்து முறை போதும்.

1995இல் கொமுட்டர் என்ற மின்சாரப் பயணிகள் ரயில் வந்தபின் வேறொரு சிக்கலும் சேர்ந்தது. பெட்டியின் வாசல் உயரத்துக்குப் பிளாட்பாரத்தை உயர்த்தும்போது, பழைய கட்டடத்தின் அடிச்சுவர் புதைந்துவிடுகிறது. மரத்தரைக்கு அடியில் காற்றோடும் துளைகள் மூடிப்போகும், கரையானுக்கு நேர்வழி கிடைக்கும். எனவே புதிய கான்கிரீட்டைச் சுவரோடு ஒட்டவிடக் கூடாது. ஒரு சாண் இடைவெளி விட்டு, பழைய தரைமட்டம் வரை தோண்டி வடிகால் அமைத்து, மேலே இரும்புக் கிராதி போட வேண்டும். கிராதியைக் கழற்றித் துப்புரவு செய்ய முடிகிற மாதிரி போடுங்கள். பற்றவைத்து மூடிவிட்டால் குப்பை நிறைந்து, அந்த வடிகாலே சுவருக்குத் தண்ணீர் ஊட்டும்.