விடைத்தாளில் ஒரு கேள்விக்குறி

முதுகலைப் புவியியலில் உலகளாவிய சுற்றுச்சூழல் மாற்றம் என்ற தாளை எடுத்தபோது, செமஸ்டர் முழுக்கப் பனிக்கரடியும் உருகும் பனிப்பாறையும்தான் ஓடும் என்று நினைத்திருந்தேன். எங்கள் பேராசிரியருக்கோ வேறு கவலை. விடைத்தாளில் எங்கே “காலநிலை மாற்றத்தால்” என்று எழுதினாலும் பக்கத்தில் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டுவிடுவார். எதனால், எந்த வழியாக, எவ்வளவு என்று சொல்லாமல் அந்த வார்த்தையை எழுதக் கூடாது.

மத்திய ஆசியாவிலுள்ள ஏரல் கடலைப் பயிற்சிக்குக் கொடுத்ததும் அதற்காகத்தான். 1960 வாக்கில் அது ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர், உலகின் நான்காவது பெரிய ஏரி. அதை வற்றவைத்தது முதன்மையாகப் பருத்தி. சோவியத் காலத்தில் ஆமூ தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீரைக் கால்வாய் வெட்டி வயல்களுக்குத் திருப்பிவிட்டார்கள். ஏரி வடக்கு, தெற்கு என இரண்டு துண்டாகிப் போனது. 2005-இல் கசகஸ்தான் பக்கம் இரண்டுக்கும் நடுவே கோக்-அரால் அணை கட்டி முடித்ததும் வடக்குத் துண்டில் நீர்மட்டம் ஏறியது, உப்பு குறைந்தது, மீன்பிடிப்பு மறுபடி தொடங்கியது. தெற்கு வற்றிக்கொண்டே போனது. இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே வானம்தான்.

இதை நாங்களே லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் அளந்தோம். 1972-இலிருந்து படங்கள் உண்டு, 2008 முதல் எல்லாமே இலவசம். தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும் என்பதால் அந்தப் பட்டையில் (அந்த ஒளியை மட்டும் பதிவுசெய்யும் படத்தில்) ஏரி கன்னங்கரேலென்று தெரியும். பச்சைப் பட்டையையும் அகச்சிவப்புப் பட்டையையும் வைத்துக் கணக்குப் போட்டால் எது நீர், எது நிலம் என்று பிரித்துவிடலாம். பாடப்புத்தகத்தில் எளிதுதான். கரையோரத்தில்தான் உயிர் போகிறது: உப்புப் படிவின் மேல் விரலளவு தண்ணீர், ஒரு பிக்சலோ 30 மீட்டர். அது ஏரியா, தரையா? எல்லைக்கோட்டை எந்த எண்ணில் வைக்கிறோமோ அதற்கேற்ப பரப்பு கூடிக் குறைகிறது. அப்புறம், 2003 மே மாதம் லேண்ட்சாட் 7-இல் ஒரு கருவி பழுதானதால் அதன் பிறகு வந்த படங்களில் வரிவரியாகக் கறுப்புக் கோடுகள். ஒரு படம் வசந்தத்திலும் மற்றது கோடை முடிவிலும் எடுத்ததாக இருந்தால் பருவ வித்தியாசமே பெரிய மாற்றம் போல வேஷம் போடும்.

இதே கேள்விக்குறியைக் கரியமில வாயுவின் மேல் போட்டால் பதில் உறுதியாக வருகிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கூடவே காற்றிலுள்ள கார்பனில் கார்பன்-13 என்ற சற்றே கனமான வகையின் விகிதம் குறைந்து வருகிறது. நிலக்கரியும் எண்ணெயும் பழைய தாவரங்களிலிருந்து வந்தவை, அவற்றில் அது குறைவு. ஆக்சிஜனும் எரிப்புக்கு ஏற்றபடி இறங்குகிறது. எனக்கு இந்தத் தாளிலேயே மிகவும் பிடித்த இரண்டு மணி நேரம் அந்த வகுப்புதான். கியோட்டோ 1997, பாரிஸ் 2015 என்ற காலநிலை ஒப்பந்தங்களின் பகுதியை, உண்மையைச் சொன்னால், தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன்.

சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: புள்ளியியலைக் கண்டு ஓடுபவர் என்றால் யோசியுங்கள். இயற்கைப் புவியியல்காரர்களும் மானிடப் புவியியல்காரர்களும் கருத்தரங்கில் தனித்தனி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் காது கொடுப்பவருக்கே லாபம், ஏனென்றால் பருத்திக்கொள்கை தெரியாமல் ஏரல் புரியாது.

ஆய்வேட்டுக்கு ஆப்பிரிக்காவின் சாட் ஏரியை எடுத்திருக்கிறேன். 1960-களில் 25,000 சதுர கிலோமீட்டர் இருந்தது, சாஹேல் எனப்படும் சகாராவின் தெற்கு விளிம்பில் வந்த வறட்சியில் ஒரேயடியாகச் சுருங்கியது உண்மை. ஆனால் இன்றும் அதே வேகத்தில் மறைந்துகொண்டிருப்பதாகச் செய்திகள் எழுதுவது சரியில்லை. நீரின் பெரும்பகுதியை நாணலும் நீர்ச்செடியும் மூடியிருக்கின்றன. இலைக்கு அடியில் கிடக்கும் தண்ணீரை நான் மேலே சொன்ன கணக்கு நிலமென்றே காட்டும். அதனால் இலைக்கு அடியிலும் ஓரளவு பார்க்கக்கூடிய ரேடார் படங்களுக்கு மாறியிருக்கிறேன், அதன் புள்ளிப்புள்ளியான இரைச்சலோடுதான் இப்போது சண்டை.