பால் என்ற ஒரு சொல்

தண்டையார்பேட்டையில் நம்மோடு படித்தவர்களுக்கு அந்த ராகம் இன்னும் காதில் இருக்கும்: "மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம்." இவற்றைக் காட்டி அரசு யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்கிற, நம் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவை, சிவிக்ஸ் டீச்சர் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைப்பார். பரீட்சைக்கு 5 மார்க், அவ்வளவுதான் எங்களுக்கு.

நியூ ஜெர்சிக்கு வந்த பிறகே அதில் 'பால்' என்ற சொல்லின் விலை தெரிந்தது. அமெரிக்க அரசியலமைப்பின் சமத்துவப் பிரிவில் 'பால்' என்ற சொல்லே இல்லை. 1868இல் வந்த 14ஆவது திருத்தம், எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்கிறது. அந்த 'எவருக்கும்' பெண்ணையும் சேர்த்துத்தான் என்று வழக்கு வழக்காக நிலைநாட்டியவர்களில் முன்நின்றவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். 1993இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். அதற்கு முன்பே, 1970களில், அதே நீதிமன்றத்தில் 6 வழக்குகள் வாதாடி 5இல் வென்றிருந்தார்.

அதில் ஒன்றைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1972இல் வைசன்ஃபெல்ட் என்பவரின் மனைவி பிரசவத்தில் இறந்துபோனார். ஆசிரியையாக வேலை பார்த்து, சமூகப் பாதுகாப்பு நிதிக்கு ஒழுங்காகப் பணம் கட்டியவர். கைக்குழந்தையை வளர்க்க உதவித்தொகை கேட்டால், விதவைக்கு உண்டு, மனைவியை இழந்தவனுக்குக் கிடையாது என்றது சட்டம். அந்தப் பெண் கட்டிய பணத்துக்கு மதிப்புக் குறைவா என்று கேட்டு வாதாடினார் கின்ஸ்பர்க். 1975இல் தீர்ப்புச் சொன்ன 8 நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள்.

என் அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. அப்பா ஹார்பர் பக்கம் ஒரு குடோனில் லோடு இறக்குபவர். எனக்காக நைட் ஷிப்ட் கேட்டு வாங்கினார். ராத்திரியில் பக்கத்து வீட்டு ஆயா துணைக்குப் படுத்துக்கொள்ளும். காலையில் வந்து சோறு வடித்து, ரெட்டை ஜடை பின்னி விடுவார். மூட்டை கட்டிய கை போட்ட ரிப்பன் முடிச்சு சாயங்காலம் வரை அவிழாது. மத்தியானம் ஸ்கூல் கேட்டில் டிபன் கேரியரோடு நிற்கும் அம்மாக்கள் நடுவே அவர் ஒருவர்தான் ஆம்பிளை. எனக்குக் காய்ச்சல் கண்டபோது லீவு கேட்டார். "புள்ள பாத்துக்கறது பொம்பள வேலை" என்று மேஸ்திரி திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அப்பா முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

பெண்ணைத் தாழ்த்தும் சட்டம் அப்பனையும் பிள்ளையையும் சேர்த்தே வஞ்சிக்கிறது என்று கோர்ட்டில் எடுத்துக் காட்டியவர் என்பதால்தான் கின்ஸ்பர்க்கை என் வீட்டு மனுஷியாக நினைக்கிறேன்.

2020 செப்டம்பர் 18 அன்று, 87 வயதில் அவர் காலமானார். அப்பாவுக்கு போன் போட்டு இந்த வழக்கை முழுக்கச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அந்தப் புள்ள இப்ப நல்லா கீறானாம்மா?"

"நல்லா இருக்காம்ப்பா. 98ல அவன் கல்யாணத்தை அந்தம்மாவே முன்னாடி நின்னு நடத்தி வெச்சாங்க."