டூர்க்காரர்கள் காட்டாத லாகீஸ்

புனித பூமி டூர் போகிறவர்கள், கையில் இருக்கும் பட்டியலில் லாகீஸ் (பைபிளில் வரும் பழைய யூதா நாட்டுக் கோட்டை நகரம்) இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. பெத்லகேம், கலிலேயாக் கடல், யோர்தானில் ஒரு முழுக்கு, ஒலிவ மரச் சிலுவை விற்கும் கடை (அதற்கு மட்டும் ஒரு மணி நேரம்!) என்று நாள் ஓடிவிடும். தீர்க்கதரிசிகள் தொண்டை கிழியச் சொன்னது நடந்தே முடிந்த ஊருக்கு யாரும் கூட்டிப்போவதில்லை. அதனால்தான் நானும் மனைவியும் குழுவில் சேராமல் தனியாகக் கிளம்பினோம்.

எருசலேமிலிருந்து கிரியாத் காத் வரை பேருந்து. சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து லாகீஸ் மேடு பத்துக் கிலோமீட்டர் சொச்சம்தான். டாக்ஸிக்காரர் கூசாமல் 150 ஷேக்கல் கேட்டார். மீட்டர் போடச் சொன்னால், வேலை செய்யவில்லையாம். நம்ம ஊரிலிருந்து ஏழு கடல் தாண்டி வந்து கேட்கிற வசனமா இது! ஷேக்கல் 20 ரூபாய்க்கு மேல் போகிறது; மனசுக்குள் பெருக்கிப் பார்த்ததும் மூவாயிரம் தாண்டி நின்றது. "ஏங்க, எரேமியா 17 ஷேக்கலுக்கு வயலே வாங்கினாருங்க" என்றாள் மனைவி. அது வெள்ளியை நிறுத்துக் கொடுத்த காலம் என்று சமாதானம் சொல்லி, பேரம் பேசி, 120க்கு ஏறினோம்.

அந்த வயல் கதை தெரியாதவர்களுக்காக: பாபிலோன் படை எருசலேமை வளைத்திருக்கிறது. நகரம் விழும் என்று சொன்ன தீர்க்கதரிசி எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். பெரியப்பா மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கும் வயலை வாங்கிக்கொள் என்கிறான். எதிரி புழங்கும் நிலம். எந்தத் தரகரும் தொடமாட்டார். எரேமியாவோ வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, பத்திரத்தை மண்பானைக்குள் போடச் சொல்கிறார். வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் இந்தத் தேசத்தில் மறுபடி விலைபோகும் என்று கர்த்தர் சொல்லியிருக்கிறாராம். அழிவைச் சொன்ன ஆளே மனை வாங்குகிறார்! எரேமியாவை எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

சரி, லாகீஸ். மேட்டின் தென்மேற்கு மூலையில் ஒரு சரிவு. பார்த்தால் வெறும் கற்குவியல். கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் மதிலுக்கு ஏற அமைத்த முற்றுகைப் பாதை அது. ஜெயித்த பெருமையில் நினிவே அரண்மனைச் சுவரில் முழு யுத்தத்தையும் செதுக்கி வைத்தான்: கழுவில் குத்திய மனிதர்கள், மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சோடு நாடு கடத்தப்படும் குடும்பங்கள். அந்தக் கற்கள் இப்போது லண்டனில். பக்கத்து ஊர்க்காரரான மீகா தீர்க்கதரிசி, லாகீஸே தேரைப் பூட்டு, சீயோனின் பாவத்துக்கு ஆரம்பம் நீதான் என்று திட்டியது இந்த ஊரைத்தான். வெயிலில் அந்தச் சரிவில் நின்றால் மீகா சும்மா கவிதை பாடவில்லை என்று புரியும்.

வாசலில் இன்னொரு கூத்து. வாசல் அறைக்குள் இருந்த ஒரு கோயிலில், பலிபீடத்தின் கொம்புகளை உடைத்து, உள்ளே கல்லில் செய்த கழிப்பிடத்தைப் போட்டிருக்கிறார்கள். 2016இல் அறிவித்தார்கள். அதை யாரும் பயன்படுத்தியதற்கான தடயமே இல்லையாம். இடத்தைத் தீட்டாக்கவே வைத்தது என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. பிற வழிபாட்டிடங்களை ஒழித்த யூதா ராஜா எசேக்கியாவின் சீர்திருத்தம் இவ்வளவு கறாராக இருந்திருக்கும் என்று ஞாயிறு பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

மறுபடி எழும்பிய ஊரை பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை மறுபடி எரித்தது. அப்போது எழுதிய பானை ஓட்டுக் கடிதங்கள் 1935இல் வாசலருகே கிடைத்தன. ஒன்றில், லாகீஸின் அடையாளத் தீக்காகக் காத்திருக்கிறோம், அசெக்காவைக் காணவில்லை என்ற பொருளில் ஒரு வரி. அரணான பட்டணங்களில் இந்த இரண்டுதான் மிச்சம் என்று எரேமியா 34 சொல்கிறது. அப்புறம் நெகேமியா 11ஐப் பாருங்கள்: பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த ஜனம் குடியேறிய ஊர்ப் பட்டியலில் லாகீஸும் அதன் வயல்களும், அசெக்காவும் அதன் கிராமங்களும். ராஜா இல்லை, தேர் இல்லை, மேலே பாரசீக ஆட்சி. வாக்களித்த மீட்சி முதலில் வந்தது இப்படி எளிமையாகத்தான்.

எருசலேமில் தாவீதின் நகரம் எனும் அகழ்விடத்தில் எனக்குப் பிடித்தது எரிந்துபோன ஒரு வீடு. 1982இல் இங்கே 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. கி.மு. 586 தீயில் சுருள்கள் சாம்பலாக, அவற்றை மூடியிருந்த களிமண் சுட்டு இறுகிவிட்டது. ஒன்றில் 'சாப்பானின் குமாரன் கெமரியா' என்ற பெயர். எரேமியாவின் சுருளை யோயாக்கீம் ராஜா அறுத்து நெருப்பில் போட்டபோது, வேண்டாம் என்று தடுத்தவர்களில் ஒருவர் இந்தப் பெயர்க்காரர். அவரே இவர் என்கிறார்கள் ஆய்வாளர் பலர். சுருளை எரித்த ராஜாவின் ஊர் எரிந்தது, எரிக்காதே என்றவர் பெயர் அந்தத் தீயால் தப்பித்தது. எனக்குப் புல்லரித்தது.

ஒரு உறுத்தலையும் சொல்லிவிடுகிறேன். இந்த இடம் இருப்பது சில்வான் எனும் பாலஸ்தீனர் குடியிருப்பின் நடுவே. வழிகாட்டி வாக்குத்தத்தத்தைப் பற்றி உருகி உருகிப் பேசினார். அநீதியால் வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ என்ற எரேமியா 22 அவர் வாயில் வரவில்லை. ஒன்றை விட்டு ஒன்றைப் படிப்பது அந்தப் புத்தகத்துக்கே பொருந்தாது.

சாப்பாட்டுக்கு வருவோம். யாஃபா சாலைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் சபீஹ்: பிட்டா ரொட்டிக்குள் பொரித்த கத்தரிக்காய், அவித்த முட்டை, மேலே அம்பா எனும் மாங்காய்க் குழம்பு. வெந்தயமும் மஞ்சளும் தூக்கலாக, அப்படியே நம்ம ஊறுகாய்! அம்பா, பம்பாயோடு வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாக வந்ததாம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களில் திரும்பாமல் தங்கியவர்களின் வம்சம் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் ஈராக்கில் வாழ்ந்தது. 1950-51இல் சுமார் 1,20,000 பேர் குடியுரிமையையும் சொத்தையும் பறிகொடுத்து இஸ்ரேலுக்கு விமானம் ஏறினார்கள்; அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர், அன்று பாபிலோனிலிருந்து ஜனம் திரும்பிய காலத் தலைவர்களான எஸ்றா, நெகேமியா. வந்த இடத்தில் கிடைத்தது கூடார முகாம். அவர்கள் கொண்டுவந்த சாப்பாடு இப்போது தெருவெங்கும். இரண்டாவது சபீஹும் வாங்கினேன், பட்ஜெட்டைப் பார்க்காமல்.

சவக்கடலுக்கும் போனோம். ஆலயத்திலிருந்து புறப்படும் நதி அதை ஆரோக்கியமாக்கும், கரையோர ஊரான என்கேதியில் வலை விரிப்பார்கள் என்கிறார் எசேக்கியேல் தீர்க்கதரிசி. இப்போதைக்கு நீர்மட்டம் வருஷத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. கரையெங்கும் நிலம் உள்வாங்கி, என்கேதியின் பொதுக் கடற்கரையை 2015இலிருந்து மூடிவிட்டார்கள். மிதக்க வேறு கரைக்குப் போக வேண்டும், சில கரைகளில் கட்டணம் உண்டு.

போகிறவர்களுக்கு: தாவீதின் நகரத்தில் இருக்கும் எசேக்கியாவின் நீர்ச் சுரங்கம் 533 மீட்டர், முழங்காலுக்கு மேல் தண்ணீர், இருட்டு, டார்ச்சும், நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பும் வேண்டும். வெள்ளி மதியத்திலிருந்து சனி இரவு வரை பேருந்து ஏறக்குறைய இல்லை. மீகா 1, எரேமியா 32, 36 மூன்றையும் முந்தின நாள் இரவே படித்துவிடுங்கள். மேட்டில் நிழல் குறைவு, அங்கே நின்று புரட்ட முடியாது.