தவணையும் 555 புத்தகமும்

கூரை மாற்றவும் குளியலறை கட்டவும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கூட்டுறவுச் சங்கம் கொடுத்துவந்த சிறுகடனால் குடும்பங்களுக்கு என்ன நன்மை விளைந்தது என்று மதிப்பிடும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, தவணைப் பேரேட்டைப் புரட்டினாலே விடை கிடைத்துவிடும் என்று நம்பினேன். பெரும்பாலோர் தவறாமல் கட்டியிருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டத்துக்குப் பங்குதாரரானவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இங்கே உண்டு. தவணை தவறுவதை மானக்கேடாக நினைப்பவர்கள். அதனாலேயே அந்தப் பேரேடு அவர்கள் படும் சிரமத்தைக் காட்டாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது.

கடனுக்கு முன் வீடு எப்படி இருந்தது என்று சங்கத்தில் எவரும் பதிந்து வைக்கவில்லை. விண்ணப்பப் பாரத்தில் சம்பளமும் உத்தரவாதியின் பெயரும் இருந்தன. ஒழுகிய தகரம் பற்றி ஒரு வரியும் இல்லை.

யாரோடு ஒப்பிடுவது என்பதிலும் முதலில் தவறினேன். கடனே கேட்காத வீடுகளை எடுத்துக்கொண்டேன். கடன் கேட்கத் துணிபவருக்கு ஓரளவு நிலையான வேலை இருக்கும். கடன் கிடைக்காவிட்டாலும் அவர் வீடு சற்று முன்னேறியிருக்கக்கூடும். ஆகவே, கடன் அங்கீகரிக்கப்பட்டும் முறை வராமல் காத்திருந்த குடும்பங்களை ஒப்பீட்டுக்கு எடுத்தேன்.

மெக்சிகோ அரசு மண்தரை வீடுகளுக்குச் சிமெண்டுத் தரை போட்டுக்கொடுத்த 'பிசோ ஃபிர்மே' திட்டத்தைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வு, திட்டம் எட்டாத அண்டை நகரங்களோடு ஒப்பிட்டே, பிள்ளைகளின் குடற்புழுத் தொற்றும் இரத்தசோகையும் குறைந்ததை நிறுவியது. அங்கே தரைக்குத் தவணை கிடையாது. எங்கள் மக்கள் எதைக் குறைத்துக்கொண்டு தவணை கட்டினார்கள் என்பதையும் நான் கேட்டாக வேண்டியிருந்தது.

நேரடியாகக் கேட்டால், "ஒன்னும் கஷ்டமில்லைங்க ஐயா" என்பார்கள். ஓர் அக்கா மட்டும் மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கூரை மாற்றிய மாதத்திலிருந்து 10 கிலோ அரிசி 5 கிலோவாகியிருந்தது. பால் மாவைக் காணவே இல்லை. அதே வீட்டில், முன்பு வாளி வைத்த இடத்தில் மேசை போட்டு மகள் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினேன்.

கூரை வேலை முடிந்து மூன்று மாதம் கழித்தே முதல் தவணையை வாங்க வேண்டும் என்று பரிந்துரைத்தேன். இப்போது கடன் அங்கீகரிக்கப்படும் முன்பே வீட்டுக்குப் போய்க் கூரையையும் தரையையும் பார்த்து எழுதுகிறேன். அனுமதித்தால் 555 புத்தகத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன்.