விடியக்காலைத் தண்ணீர்

கொழும்பில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் தண்ணீர் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். பேரே வாவியில் மீன் செத்து மிதக்கிறது, உடனே மாதிரி எடுத்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது காலை பத்தரை. வாவியில் இருக்கிற சீமா மாலக்கய பௌத்த ஆலயத்தின் பக்கம் கரையோரமாக வெள்ளை வயிறுகள் ஒதுங்கிக் கிடந்தன. பெரும்பாலும் திலாப்பியா. குறைந்த ஒட்சிசனிலும் தாக்குப்பிடிக்கிற மீன் அது. அதுவே செத்துப்போயிருந்தது.

தண்ணீர் பாசிப்பச்சையாகத் தடித்திருந்தது. குமிழி புகாமல் போத்தலை நிரப்பி, மங்கனீசு சல்பேற்றும் கார அயடைட்டும் விட்டு, மூடிக் குலுக்கினேன். தண்ணீரில் கரைந்த ஒட்சிசனை அளக்கும் விங்க்ளர் முறையில் இந்தக் கணம்தான் முக்கியம். ஒட்சிசன் இருந்தால் வீழ்படிவு கபில நிறமாகும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். எனக்குக் கிடைத்தது கடும் கபிலம். 30 பாகை வெப்பத்தில் தண்ணீர் சாதாரணமாகத் தாங்குவது லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். அன்று அதையும் தாண்டியிருந்தது. ஒட்சிசன் போதுமானது என்று அறிக்கை எழுதினோம். கீழே என் கையெழுத்தும் இருந்தது.

போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு ஐயா பக்கத்தில் வந்து நின்றார். "மகள், வெயில் ஏறினாப் பிறகு வந்து தண்ணி எடுத்தா என்ன தெரியும்? விடியக்காலை நாலரைக்கு வந்து பாருங்க. எல்லா மீனும் மேல வந்து வாயைத் திறந்துகிட்டு நிக்கும்."

அந்தப் பேச்சு இரவு முழுக்க மனதை விட்டுப் போகவில்லை. மறுநாள் இருட்டோடு கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்துப் போனேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. தண்ணீரின் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான வாய்கள், சத்தமில்லாமல் திறந்து மூடிக்கொண்டு. அதே இடத்தில் போத்தலை நிரப்பி, அதே இரண்டு கரைசல்களையும் விட்டுக் குலுக்கினேன். வெள்ளை. தெருவிளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அப்போதும் வெள்ளைதான்.

பாடத்தில் படித்த விஷயம்தான், கண்ணால் பார்க்கும்வரை உறைக்கவில்லை. கழிவுநீரோடும் சவர்க்காரத்தோடும் வருகிற பொஸ்பேற்றும் நைதரசனும் பாசியை வளர்க்கின்றன. பகலில் அந்தப் பாசி வெயிலைக் கொண்டு ஒட்சிசனைக் கொட்டுகிறது. இரவில் அதுவும் சுவாசிக்கிறது, அடியில் அழுகுகிற சேறும் சேர்ந்து இழுக்கிறது. விடியும் முன் மீனுக்கு மிச்சமில்லை.

பகலும் மீனுக்கு நல்லதில்லை. பாசி காபனீரொட்சைட்டை உறிஞ்ச உறிஞ்சத் தண்ணீரின் பீஎச், அதாவது காரத்தன்மை, ஏறும். பீஎச் 7 ஆக இருக்கும்போது, கழிவுநீரோடு வருகிற அமோனியாவில் நஞ்சான வடிவம் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. 9 ஆனால், நம் வெப்பத்தில், ஏறக்குறைய பாதி. எங்கள் அறிக்கையில் அமோனியா ஒரு வரியிலும் பீஎச் இன்னொரு வரியிலும் இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பயமுறுத்தாது. மீனின் செவுளில் இரண்டும் சேர்ந்தே படுகின்றன. நச்சுப் பீப்பாய் எதையும் யாரும் அங்கே கவிழ்க்கவில்லை. எங்கள் எல்லோருடைய குளியலறைத் தண்ணீரும்தான் அது.

இதே பிழை வேறு உருவில் 2021இல் வந்தது. மே 20 அன்று துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது என்று தெரிந்ததும் வெள்ளவத்தைக் கரையில் கடல்நீர் எடுத்தோம். பீஎச் வழக்கம்போல 8க்குச் சற்று மேலே. கடல் பெரியது, அமிலத்தைச் சமப்படுத்திவிடும். ஆனால் கப்பலில் சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளும் இருந்தன. பருப்பளவு மணி, மீன் முட்டை மாதிரி இருக்கும், எண்ணெயில் கரைகிற நஞ்சுகள் அதில் ஒட்டிக்கொள்ளும். மேற்பரப்பு நுரையை விலக்கி ஓர் அடி ஆழத்தில் மாதிரி எடு என்பது எங்கள் விதி. மணிகளோ மிதந்தன. விதிப்படி எடுத்த என் போத்தலில் ஒரு மணிகூட இல்லை, காலடி மணலில் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தன. அடுத்த சில வாரங்களில் கரையொதுங்கிய ஆமைகள் 176, டொல்பின்கள் 20, திமிங்கிலங்கள் 4 என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2025 ஜூலையில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. அந்த ஆமைகளில் ஒன்றை நான் வெள்ளவத்தையிலேயே பார்த்தேன். அதைப் பற்றி எழுத என்னால் இன்னும் முடியவில்லை.

பேரே வாவி அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று அந்த வெள்ளைப் போத்தலோடு மேலதிகாரியிடம் போனேன். முதலில் மறுத்தார். கேட்டது பகல் மாதிரி, கொடுத்தாயிற்று என்றார். மூன்றாவது தடவை போனபோது, சரி, இணைப்பாக ஒரு பக்கம் எழுது என்றார். எழுதினேன். மாதிரி எடுத்த நேரத்தை முதல் வரியில் போட்டேன்.

எங்கள் களப் படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு, அநேகமாக வெறுமையாகவே போகும். அன்றிலிருந்து நான் அதை விடுவதில்லை. போன செவ்வாய்க்கிழமை எழுதியது: காலை 4.50. மீன்கள் மேற்பரப்பில், வாய் திறந்தபடி. கூழைக்கடா நான்கு, மரத்தில். நீர்க்காகம் இல்லை.