பயாப்சி ப்ளாக்கை முதலில் கையில் வாங்கிவிடுங்கள்

அப்பாவின் குதிகாலில் கறுப்பாக இருந்ததை ஒரு வருஷம் கால் ஆணி என்றே நினைத்திருந்தோம். வெட்டி எடுத்துச் சோதித்த பிறகுதான் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில் வரும் அக்ரல் வகை. அப்புறம் தொடை இடுக்கில் நெறி கட்டி, நுரையீரலுக்கும் பரவிவிட்டது.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியை வைத்தே புற்றுநோயோடு போராட வைக்கும் இம்யூனோதெரபியின் விலை எங்களுக்கு எட்டாது. சென்னையில் அதற்கு ஒரு டிரையல், அதாவது நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கும் ஆய்வு, நடக்கிறது என்று டாக்டர்தான் சொன்னார். இந்தியாவில் நடக்கும் டிரையல்களைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ. தளத்தில் பதிவு இருக்கிறதா, இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போனோம். சம்மதப் படிவம் தமிழிலேயே இருந்தது. டிரையலால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது டிரையல்களுக்கான 2019 விதிகளிலேயே உண்டு; அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

கையெழுத்துப் போட்டதிலிருந்து 28 நாளுக்குள் எல்லாச் சோதனையும் முடிய வேண்டும். அதில் 17 நாளை எனக்குத் தின்றது ஒரு மெழுகுக் கட்டி.

முதல் ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் ப்ளாக் வேண்டும் என்றார் டிரையல் வேலைகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர். திருநெல்வேலியில் அந்த லேபுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சதையின் மெல்லிய சீவல் ஒட்டிய இரண்டு கண்ணாடி ஸ்லைடை உறையில் போட்டுக் கொடுத்தார். "இது போதுமா சார்?" என்று கேட்டேன். "எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்குக் கொண்டுபோனால், அவை ஏற்கெனவே சாயம் ஏற்றிய ஸ்லைடுகள். டிரையலுக்கு உதவாது. அன்று அந்த வராந்தாவில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லேபுக்குத் திரும்பிப் போனபோது, "ப்ளாக் எங்க ரெக்கார்டு, நோயாளியே நேர்ல வரணும்" என்றார் அதே கவுண்டர்க்காரர். காலை ஊன்ற முடியாதவரை எப்படிக் கூட்டி வருவது? டிரையல் மருத்துவமனையின் கடிதம், அப்பா கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம், இருவரின் ஆதார் நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் முறை போனேன். இந்தத் தடவை கவுண்டருக்குப் போகவில்லை, நேராக பெத்தாலஜி டாக்டரிடமே போய் நின்றேன். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, நடுவில் மிளகு அளவுக்குக் கறுப்பு. அப்பாவின் குதிகால். கூரியரில் விடாமல், வெயில் படாமல் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

இதற்கு நடுவில் அப்பாவின் இருமலுக்கு எங்கள் ஊர் டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். கோஆர்டினேட்டருக்குப் போன் செய்து கேட்ட பிறகே கொடுப்பது என்று வைத்திருந்ததால் தப்பித்தோம். பெரும்பாலான இம்யூனோதெரபி டிரையல்களில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 10 மி.கி.க்கு மேல் எடுப்பவர்களைச் சேர்ப்பதில்லை. நாட்டு மருந்தானாலும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ரத்தம், சி.டி., மூளை எம்.ஆர்.ஐ. எல்லாம் சரியாக வந்தன. 26-ஆம் நாள் "சேர்த்தாச்சு" என்று போன் வந்தது. யாருக்கு எந்த மருந்து என்பது கம்ப்யூட்டர் குலுக்கல். அதை நம்மால் கேட்க முடியாது.

திங்கட்கிழமை முதல் டிரிப் ஏறியது. அப்பா தூங்கிவிட்டார். நான் வெளியே போய், மீதி ப்ளாக்கைத் திருப்பித் தரும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.