டெல்லி வெயிலில் ஹீட்சிங்க்கைக் கழற்றி மாட்டிய கதை

ப்ராசசருக்கும் அதன் மேல் உட்காரும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் என்றதும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: நடுவில் ஒரு பொட்டு வைப்பதா, பெருக்கல் குறி போடுவதா, அட்டையால் இழுத்துப் பூசுவதா? மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்த மே மாதம் பேஸ்ட் மாற்றினேன். மொத்த வேலையிலும் ரொம்பச் சுலபம் அந்தப் பொட்டு வைப்பதுதான். கை வேர்த்தது பழைய ஹீட்சிங்க்கை, அதாவது ப்ராசசர் சூட்டை இழுக்கும் அந்த உலோகக் கூலரை, கழற்றும்போது.

மெஷினில் இருப்பது ரைசன் 5 3600. 2019-ல் வந்த ப்ராசசர், அதோடு பெட்டியிலேயே கொடுத்த சின்ன அலுமினியக் கூலர். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குச் சோறு போடுகிறது. குளிர்காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. அறையே 12, 13 டிகிரியில் கிடக்கும்போது எந்தக் கூலரும் நல்ல பேர் வாங்கிவிடும். வெயில் ஏறியதும் குட்டு வெளிப்பட்டது. எடிட் முடித்த வீடியோவை எக்ஸ்போர்ட் போட்ட கொஞ்ச நேரத்தில் ஃபேன் கத்தத் தொடங்கும். ப்ராசசர் டெம்பரேச்சரைப் பார்த்தால் 95 டிகிரி. இந்த ப்ராசசருக்கு அதுதான் உச்ச வரம்பு. அங்கே முட்டியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓட வேண்டியது 3.6-க்கும் கீழே இறங்கி நொண்டியது.

முதல் சந்தேகம் தூசி மேல்தான். டெல்லியில் ஏப்ரல், மே மாதங்களில் ஆந்தி என்கிற புழுதிப் புயல் அடித்தால் மூடிய ஜன்னல் வழியாகவும் மண் உள்ளே வரும். போதாக்குறைக்கு அறையைக் குளிர்விக்கும் எங்கள் டெசர்ட் கூலர் ஈரக் காற்றையும் தூசியையும் சேர்த்து கேபினெட்டைப் பார்த்தே வீசிக்கொண்டிருந்தது. ப்ளோயரால் ஊதினேன். (ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் கண்டபடி சுழன்று பேரிங் கெடும்.) வெளியே இருந்தது பறந்தது. தகடுகளுக்கு நடுவே படிந்து இறுகியது அசையவில்லை. ப்ராசசர் கூலரைக் கழற்றாமல் வழியில்லை. கழற்றினால் பேஸ்ட்டும் புதிதாக வைத்தாக வேண்டும். ஒரு தடவை பிரிந்த பழைய பேஸ்ட் மேலேயே திரும்ப உட்கார வைத்தால் இடையில் காற்று மாட்டிக்கொள்ளும், அதை விரட்டத்தானே பேஸ்ட்டே இருக்கிறது.

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்பும் உண்மையில் மேடு பள்ளம்தான். பள்ளத்தில் நிற்கும் காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் மீட்டர் கெல்வினுக்கு சுமார் 0.026 வாட். பேஸ்ட்டுக்கு, டப்பாவில் போட்டிருக்கும் கணக்குப்படி, 4-லிருந்து 12-க்குள். அலுமினியத்துக்கு 200-க்கு மேல். காற்றோடு பார்த்தால் பேஸ்ட் எவ்வளவோ மேல், உலோகத்தோடு பார்த்தால் ரொம்ப மட்டம். அதனால் பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மெல்லிசாக இருந்தால் போதும்.

பேஸ்ட் வாங்க டெல்லியின் கம்ப்யூட்டர் சந்தையான நேரு ப்ளேஸ் போனேன். மலிவாக வெள்ளை பேஸ்ட் பாக்கெட்டும் கிடைக்கும். சில நூறு ரூபாய் கூடக் கொடுத்து, சிரிஞ்சில் வரும் சாம்பல் நிறப் பேஸ்ட் வாங்கினேன். ஒரு கடையில் பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதில் காலியம் இருக்கிறது, அலுமினியத்தை அரித்துவிடும், என் கூலருக்கு ஆகவே ஆகாது. பக்கத்துக் கடையில் ஒரு மெக்கானிக், லீட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஒரு ப்ராசசரின் வளைந்த கம்பிப் பின்னில் செருகி, ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். யாரோ கூலரை நேராக இழுத்திருக்கிறார்கள், ப்ராசசரும் கூடவே பிய்ந்து வந்திருக்கிறது. நம்ம மெஷினிலும் ப்ராசசர் உட்காருவது அதே ஏஎம்4 சாக்கெட்டில்தான் என்றேன். நிமிராமலே, “குமாவோ, கீஞ்சோ மத்” என்றார். திருப்பு, இழுக்காதே. அன்றைக்குச் செலவில்லாமல் கிடைத்தது அது ஒன்றுதான்.

ஏஎம்4-ல் 1331 பின்னும் ப்ராசசரின் அடியிலேயே இருக்கின்றன. சாக்கெட் லிவர் பூட்டியிருந்தாலும், வருஷக்கணக்கில் இறுகிய பேஸ்ட்டின் பிடி அதைவிட பலம். அதனால் முதலில் ஒரு எக்ஸ்போர்ட்டை ஓடவிட்டு ப்ராசசரை நன்றாகச் சூடாக்கினேன், பேஸ்ட் இளகட்டும் என்று. பிறகு ஷட்டவுன் செய்து, ப்ளக்கைப் பிடுங்கி, கேபினெட் உலோகத்தைத் தொட்டுக் கையிலிருந்த ஸ்டேட்டிக்கை இறக்கிவிட்டு, ஃபேன் ஒயரைக் கழற்றினேன். நாலு ஸ்க்ரூவையும் குறுக்கு மூலையாக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக.

இந்தக் கூலரில் இன்னொரு வம்பு உண்டு. அந்த நாலு ஸ்க்ரூதான் மதர்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டையும் பிடித்திருக்கிறது. ஸ்க்ரூ போனால் தகடு தொபுக்கென்று விழும். கேபினெட்டின் இரண்டு பக்கக் கதவையும் கழற்றி, அப்பாவைப் பின்பக்கம் கை கொடுக்கச் சொன்னேன்.

“விரலை எடுத்துடாதீங்கப்பா.”

“நீ சீக்கிரம் முடிடா. இவ்வளவு காசு போட்டு வாங்கின மெஷினுக்கு டூத்பேஸ்ட் மாதிரி ஒண்ணத் தடவுவானாம்.”

கூலரை இடமும் வலமும் மெல்லத் திருப்பினேன். முதலில் அசையவே இல்லை. அப்புறம் சின்னதாக ஒரு இளக்கம், கையில்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன், வழுக்கியது, தூக்கினேன். ப்ராசசர் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பா ஒட்டுத்தாளால் தகட்டை ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

துடைக்க 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். மருந்துக்கடை 70 சதவீதத்தில் தண்ணீர் கலந்திருக்கிறது. சானிடைசர் வேண்டவே வேண்டாம், அதிலிருக்கும் கிளிசரின் படலமாகத் தங்கிவிடும். டிஷ்யூ பேப்பர் நார் விடும், அதனால் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி. காய்ந்த பேஸ்ட் விளிம்புகளில் பொருக்காக நின்றது. ஆல்கஹாலில் ஊறவிட்டு, பழைய ப்ளாஸ்டிக் கார்டின் முனையால் வெளிப்பக்கமாகத் தள்ளி எடுத்தேன். ப்ராசசர் மூடியில் எழுத்து தெளிவாகத் தெரியும்வரை துடைத்தேன்.

பேஸ்ட் பட்டாணி அளவு என்பார்கள். டெல்லிக் குளிர்காலத்துப் பச்சை மட்டர் அளவுக்கு வைத்தால் நாலு பக்கமும் பிதுங்கும். நான் வைத்தது அதில் பாதி இருக்கும், நடுவில் ஒரே பொட்டு. அழுத்தம் சீராக இருந்தால் அது தானாகப் பரவும். கூலரை நேராக இறக்கி, தூக்கி வைத்துப் பார்க்காமல், மறுபடி குறுக்கு மூலையாக ஸ்ப்ரிங் ஸ்க்ரூ நிற்கும்வரை முடுக்கினேன். ஒரு மூலையை முதலிலேயே முழுக்க இறுக்கினால் தகடு சாய்ந்து, பேஸ்ட் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடும்.

ஃபேன் ஒயரைச் செருகி, முதலில் விண்டோஸ் ஏறும் முன் வரும் பயாஸ் திரையில் மட்டும் ஃபேன் சுற்றுகிறதா, டெம்பரேச்சர் நிலையாக நிற்கிறதா என்று பார்த்தேன். பிறகு அதே எக்ஸ்போர்ட். 84-லிருந்து 86-க்குள் நின்றது, வேகமும் இறங்கவில்லை. இதில் எவ்வளவு புதுப் பேஸ்ட்டால், எவ்வளவு தூசி போனதால் என்று பிரிக்க முடியாது. தூசிக்குத்தான் பெரும்பங்கு என்பது என் ஊகம். காற்றை நம்பி ஓடும் எந்த ப்ராசசர் கூலரும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது, மே மாத டெல்லியில் இதுவே நல்ல எண். டெசர்ட் கூலர் பக்கமிருந்து கேபினெட்டையும் நகர்த்தியாயிற்று.

சிரிஞ்சில் மிச்சம் இருப்பதைப் பார்த்துவிட்டு கீழ்வீட்டு மாமியின் பையன், “அண்ணா, என் லேப்டாப்புக்கும் வெச்சுக் குடுங்களேன்” என்கிறான். லேப்டாப்பில் சிப்புக்கு மேல் இந்த உலோக மூடி கிடையாது. பொட்டு வைத்துவிட்டு நம்பியிருக்க முடியாது, சிப் முழுவதும் மூடும்படி பரப்ப வேண்டும். பக்கத்தில் தெர்மல் பேடு (பேஸ்ட்டுக்குப் பதில் ஒட்டும் மெத்தென்ற பட்டை) ஒட்டியிருந்தால், கிழிந்தால் அதே தடிமனில் வாங்க வேண்டும். எந்த மாடல், எத்தனை மில்லிமீட்டர் பேடு என்று முதலில் தெரிந்துகொண்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.